சொல்லிக்கொள்ளாமல் போன சனிக்கிழமை

சின்னவனே,

நானும் அப்பாவும் சுகம், நீ சாப்பிட்டாயா, அங்கே மழையா என்பதெல்லாம் போனிலேயே ஆகிவிட்டது. போனில் பேச வாய்க்காததை எழுதுகிறேன். எப்போது கூப்பிட்டாலும் நீ வண்டியில் போய்க்கொண்டிருக்கிறாய், போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாய், பக்கத்தில் யாரோ சிரிக்கிறார்கள். முன்பு ஒருமுறை நான் உன்னைத் திட்டியதை எவனோ ரெக்கார்டு செய்து, பின்னால் டிரம்ஸ் சேர்த்து, ஊரெல்லாம் சுற்றவிட்டான். எங்கள் பேண்டேஜ் கம்பெனி பேக்கிங் செக்‌ஷனில் ஒருத்தி பாக்கியில்லாமல் அதை என்னிடமே போட்டுக் காட்டினார்கள். நானும் சிரித்துவைத்தேன். அதனால்தான் இந்தத் தடவை பேனாவை எடுத்தேன். நம் வீட்டு வாசலை நீ எல்லோருக்கும் திறந்துவிட்டாய், இந்தக் கடிதமும் திறந்தே இருக்கட்டும். உன் பேண்டு பையன்களுக்கும் படித்துக் காட்டு. டிரம்ஸ் மட்டும் அடிக்காதே.

"இந்த சீசன் முழுக்க பஸ் வரட்டும்மா, சரின்னு மட்டும் சொல்லு" என்று கேட்டாய். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு விவரம் தெரியாது, அவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி மலையடிவாரத்தில், மாந்தோப்புக்குள் இருக்கிற ரிசார்ட்டில் சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் கச்சேரி. அதை நடத்துகிற கம்பெனி, விலை கூடின டிக்கெட் வாங்கியவர்களை மத்தியானமே பஸ்ஸில் ஏற்றி ராஜபாளையத்தில் நம் வீட்டுக்குக் கூட்டி வருகிறது. நீ பேர் வாங்கின அந்த ஒரு பாட்டு பிறந்த இடத்தைப் பார்ப்பது, பாட்டுக்காரனின் அம்மா கையால் சாப்பிடுவது, அண்ணன் செத்த கதையைக் கேட்பது, பிறகு ஆளுக்கொரு பால்கோவா டப்பாவோடு தோப்புக்குத் திரும்புவது. எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு நாடா கட்டியிருக்கும். இதற்கு 'வேர் அனுபவம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கம்பெனிப் பெண் அதை முதன்முதலில் என்னிடம் சொன்னபோது ஏதோ நாட்டு மருந்து என்று நினைத்துவிட்டேன்.

அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, என் பெரியவன் எப்படி இருந்தான் என்பது எனக்கே மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே ஒரு தரம் நானே சொல்கிறேன். உன் அண்ணன் எங்கள் கம்பெனியின் லோடு வேனை ஓட்டினான். மதுரைக்குப் பெட்டி ஏற்றிப் போனவன், திரும்பும்போது யாரோ கைவிட்ட கிதார் ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். அவனுக்கு வாசிக்க வராது, உனக்கு வரும் என்று அவனாகவே முடிவுகட்டிவிட்டான். நீயும் சேத்தூர்ப் பையனும் செட்டியார்பட்டிப் பையனும் மாடியில் கத்த ஆரம்பித்த முதல் நாள், அடிதடி என்று நினைத்து நான் கையில் அகப்பையோடு மேலே ஓடினேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்கா "ஏமிரா இதி, என்னடா இது" என்று சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். பெரியவன்தான் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னான். "எம்மா, இதுக்குப் பேரு ராக்கு. திட்டணும்னு நெஞ்சுக்குள்ள கெடக்கும்லா, அதை ராகம் போட்டுத் திட்டுறது. நீ தெனமும் எங்களைத் திட்டுற, அம்புட்டுதான்." அன்றைக்கே நான் உங்கள் ரசிகை ஆகிவிட்டேன். பிறகு ஒரு கோவில் கொடைத் திருவிழாவில் நீங்கள் பாட ஏறினபோது கூட்டம் சினிமாப் பாட்டு கேட்டுக் கத்தியது, கரண்டும் போய்விட்டது. பெரியவன் வேனை எதிரே கொண்டுவந்து நிறுத்தி லைட்டைப் போட்டான். மைக் இல்லாமல் நீங்கள் கத்தினீர்கள். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதிப் பேர் யாரும் சொல்லாமலேயே கடைசிவரை நின்றார்கள்.

அவன் காய்ச்சலில் போனான். சில நாள் காய்ச்சல், அவ்வளவுதான், அதில் கதை எதுவும் கிடையாது. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள், சமையலுக்கு வாடகைக்கு எடுத்த அண்டாக்களைக் கழுவிப் பின்வாசலில் கவிழ்த்து வைத்திருந்தோம். வேன் ஓட்டிவிட்டு வந்து பகலில் தூங்குகிறவன் அவன். சாப்பாட்டு நேரத்துக்கு நான் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பது வழக்கம். கைவேலையில் நினைவில்லாமல் அன்றைக்கும் கூப்பிட்டுவிட்டேன்: "எந்திரிலே, சோறு ஆறிப்போச்சு." கூப்பிட்ட பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அந்த நிமிஷம் நான் செத்துப் பிழைத்தேன். பின்வாசலில் நின்ற நீ பெரிய அண்டாவின் மேல் ஓங்கி ஓர் அடி அடித்தாய். நான் சொன்னதையே திருப்பிச் சொன்னாய். மறுபடியும் அடித்தாய், மறுபடியும் சொன்னாய், கடைசியில் அது பேச்சாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை. தடுக்க வந்த நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவுக்கு ஸ்பின்னிங் மில் மெஷின் சத்தத்தில் காது எப்போதோ போய்விட்டதே, அவர் வந்து அண்டாவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பாத்திரக்கடைக்காரர் ஆட்டோவோடு வந்தவர், நீ ஓய்கிற வரைக்கும் பாத்திரத்தைக் கேட்கவில்லை. நசுங்கிப்போயிருந்த அண்டாவுக்குக் காசு கேட்காமல் ஏற்றிக்கொண்டு போனார். பாட்டு பிறந்தது இப்படித்தான். கிதார் அன்றைக்கு மாடியில் சாக்குக்குள் கிடந்தது.

பஸ்ஸில் வருகிறவர்கள் பார்ப்பது வேறு. பின்வாசல் போட்டோவுக்குச் சரிப்படாது என்று முன் அறையைப் பிடித்துக்கொண்டார்கள். சுவரெல்லாம் கறுப்புப் பெயின்ட். பெரியவன் படத்துக்குப் புது மாலை, அதைச் சுற்றி அணைந்து அணைந்து எரிகிற லைட்டு. எங்கிருந்தோ ஓர் அண்டாவை வாங்கிவந்து, வேண்டுமென்றே நெளித்து, அதற்கும் கறுப்படித்துக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். மேலே ஒரு கிதார் தொங்குகிறது. அது நம் கிதார் இல்லை என்பது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். போகட்டும், சாமானுக்கு என்ன இருக்கிறது. கதையையும் மாற்றிவிட்டார்களே. உன் முதல் கச்சேரிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு வேனில் விரைந்தபோது பெரியவன் வழியில் அடிபட்டுச் செத்தானாம். என் எதிரிலேயே கம்பெனிப் பெண் அப்படிச் சொன்னாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "இது ஒரு வெர்ஷன் ஆன்ட்டி. காய்ச்சல்னு சொன்னா யாருக்கும் கனெக்ட் ஆகாது" என்றாள். கெட்ட பெண் இல்லை, எனக்கு முட்டிவலிக்குத் தைலம் வாங்கி வருகிறவள். அவள் முகத்தைப் பார்த்து நானும் வாயை மூடிக்கொண்டேன். ஒரு நாளும் வண்டியில் ஒரு கீறல் விழவிடாதவன் என் பிள்ளை. அவனை நானே பக்கத்தில் நின்று இன்னொரு தடவை சாகவிட்டேன்.

சோற்று விஷயத்தில் மட்டும் சண்டை போட்டேன். அதை உன்னிடம் புகாராகச் சொல்லியிருப்பாள். பாட்டில் ஆறின சோறு வருகிறதாம், அதனால் வருகிறவர்களுக்கும் ஆறின சோற்றைப் போட வேண்டுமாம். குழம்பையும் ஆறவைக்கச் சொன்னாள். இந்த வீட்டுக்கு வந்த எவருக்கும் நான் ஆறின சோறு போட்டதில்லை, எங்கள் மாமியார் காலத்திலும் போட்டதில்லை என்று சொல்லிவிட்டு ஆவி பறக்கப் பறக்கப் பரிமாறினேன். வந்த பிள்ளைகள் எல்லாம் 'எந்திரிலே' என்று நெஞ்சில் அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டு, வாயால் ஊதி ஊதிச் சாப்பிட்டன. பாவம், பசி. ஒரு பையன் மூன்றாம் முறை ரசம் கேட்டான். அப்போது மட்டும் எனக்கு என் வீட்டில் இருக்கிறாற்போல இருந்தது.

உன்னை மட்டும் குறை சொன்னால் சாமிக்கு அடுக்காது. எனக்கும் இது பிடித்துத்தான் இருந்தது. முதல் தடவை பஸ் வரப்போகிறது என்றதும் புதுச் சேலை எடுத்தேன். எங்கள் பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர்கூட என்னைப் பார்த்து எழுந்து நின்றார். அன்றைக்கு அந்தப் போலி அண்டாவைத் தொட்டதும் என்னை அறியாமல் உடைந்து அழுதேன், எல்லோரும் சேர்ந்து அழுதார்கள், மனசு கொஞ்சம் லேசானது. அடுத்த தடவையும் அதே இடத்தில் அழுகை வந்தது. அதற்கடுத்த தடவை, அண்டாவைத் தொடுவதற்கு முன்னால் கேமராக்காரன் தயாரா என்று என் கண் ஒரு பார்வை பார்த்துக்கொண்டது. அவன் தலையாட்டினான், எனக்குக் கண்ணீர் வந்தது. கூலிக்கு மாரடிப்பது என்று கேலி பேசிய வாய் இது. இப்போது வீட்டில் தனியாக இருக்கையில் அவனை நினைத்தால் கண்ணில் ஒரு சொட்டு வரமாட்டேன் என்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, சின்னவனே. இத்தனை வருஷமாகப் பேக்கிங்கில் நிற்கிறேன், கட்டி விற்பதைக் கேவலமாக நினைக்கிறவள் இல்லை. பேண்டேஜைச் சுற்றி ஒட்டாமல் அனுப்பினால் புண்ணுக்கு ஆகாது. உன் பாட்டு கேசட்டோ போனோ ஏதோ ஒன்றில் ஏறி ஊர் ஊராகப் போகட்டும், நீ நன்றாகச் சம்பாதி. ஆனால் உறைக்குள் துணி இருக்கிறதா என்று ஒருத்தராவது பார்க்க வேண்டாமா?

எல்லாவற்றிலும் பெரிய தப்பை நான்தான் செய்தேன், அதுவும் தெரியாமல். ஆரம்பத்தில் வீடியோ எடுக்க வந்தவர்கள், கேதம் கேட்க வருகிறவர்களுக்கு இங்கே என்ன வழக்கம் என்று கேட்டார்கள். சாவு நடந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தால், கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லமாட்டோம், இப்படி ஒரு காரியத்துக்கு மறுபடி வர வேண்டாமே, அதனால் எழுந்து பேசாமல் போய்விடுவோம் என்று நான் விளக்கினேன். அந்தப் பெண்ணுக்குக் கண் விரிந்துவிட்டது. "சூப்பர் ஆன்ட்டி" என்றாள். அதற்கடுத்த பஸ்ஸிலிருந்து அதுவே முடிவுக் காட்சி ஆகிவிட்டது. சாப்பிட்டு, கதை கேட்டு, அழுது, கடைசியில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வரிசையாக வெளியே போகிறார்கள். கேமரா பின்னாலேயே நடக்கிறது. அவர்கள் போனபிறகு வீடு பெரியவன் செத்த அன்றைக்கு இருந்த மாதிரியே கிடக்கிறது.

பதினாறு என்று ஒன்றைப் பெரியவர்கள் எதற்கு வைத்தார்கள்? அதோடு முடித்துக்கொள், இனி இது சாவு வீடு இல்லை, வருகிறவன் சிரிக்கலாம், போகிறவன் சொல்லிக்கொண்டு போகலாம் என்பதற்குத்தானே. நம் வீட்டை முடியவிடமாட்டேன் என்கிறார்கள். கொஞ்ச நாள் முன்பு தேவதானத்திலிருந்து என் சித்தப்பா மகன், உன் மாமா, தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். தாம்பாளத்தோடு வாசலில் ஏறியவர் முன் அறையின் கறுப்பையும் மாலையையும் பார்த்து நிலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். பத்திரிகையைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு, "என்னக்கா, யாருக்கு என்னாச்சு? ஒரு சொல் சொல்லி விடலையே" என்று குரல் தழுதழுக்கக் கேட்டார். நான் விவரம் சொல்லச் சொல்ல அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. பத்திரிகையைப் பக்கத்து வீட்டு அக்கா கூடத்தில் வைத்து வாங்கிக்கொண்டேன். நம் வீட்டுக்கு வந்த நல்ல காரியம் அடுத்த வீட்டில் இறங்கிப் போயிற்று.

இப்போது போன சனிக்கிழமைக்கு வருகிறேன். பஸ்ஸிலிருந்து நீயே இறங்குவாய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வந்தவர்களுக்கு அதிசயம் காட்ட வேண்டும் என்பதற்காக என்னிடமும் மறைத்திருக்கிறார்கள். மெலிந்துபோயிருந்தாய். ஓடிவந்து கையைப் பிடித்தேன், "இந்தப் பக்கம் பாருங்க ஆன்ட்டி" என்றார்கள், பார்த்தேன். அந்தக் கிதாரைச் சுவரிலிருந்து எடுத்து நாலு வரி பாடினாய். நன்றாகப் பாடினாய், அதை மறுக்கமாட்டேன். செத்த நேரம் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடு என்று இலையைப் போட்டால், பொறவு பார்க்கலாம்மா என்று கையைக் காட்டினாய். அப்பா பின்வாசலில் மோட்டார் பக்கம் உட்கார்ந்திருந்தார். சின்னவன் வந்திருக்கிறான் என்று நான் சைகை காட்டினதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அவர் முன் அறைக்கு வருவதற்குள் கிளம்புகிற நேரம் ஆகிவிட்டது.

எல்லோருக்கும் முன்னால் நீதான் நடந்தாய். தலையைக் குனிந்துகொண்டு, பேசாமல். படியில் திரும்புவாய் என்று நினைத்தேன். செருப்பை மாட்டும்போது திரும்புவாய் என்று நினைத்தேன். கேமரா உன் முகத்துக்கு எதிரே பின்னோக்கியே போயிற்று, நீ அதைப் பார்த்து நடந்தாய். வரிசையில் கடைசியாகக் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி, தம்பியைப் பறிகொடுத்தவள் என்று சாப்பிடும்போது சொல்லியிருந்தாள், அவள் மட்டும் நிலைப்படியில் நின்றுவிட்டாள். கம்பெனிப் பெண் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். கோயம்புத்தூர்க்காரி கேட்கவில்லை. என் கையைப் பிடித்து, "போயிட்டு வாரேன்ம்மா. ரசம் நல்லா இருந்துச்சு" என்றாள். கேத வீட்டில் அப்படிச் சொன்னால் நெஞ்சு பதறும். எனக்குப் பதறவில்லை. "வா தாயி, மகராசியா வா" என்று என் வாய் தானாகச் சொல்லிற்று. முன்பின் தெரியாத பிள்ளை என் வீட்டை உயிருள்ள வீடாக நினைத்தாள். நான் பெற்ற பிள்ளை இழவு வீட்டிலிருந்து இறங்குகிற மாதிரி இறங்கிப் போனான்.

உனக்குக் கோபம் வரும். அது நிகழ்ச்சிக்காகம்மா என்பாய். நிகழ்ச்சிக்காகத்தான் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு உட்கார்ந்த இடத்தை விட்டு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு பிள்ளை சொல்லிக்கொள்ளாமல் போனது போதாதா எனக்கு? அதனால் என் பதில் இதுதான். இனிமேல் பஸ் வர வேண்டாம். சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டேன். மாலையைக் கழற்றிவிட்டேன், படம் பழைய இடத்தில், டிவிக்கு மேலே இருக்கிறது. அந்த அண்டாவைக் கம்பெனிப் பெண் எடுத்துப்போகட்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பிடித்துவைப்பேன். அவளும் வரட்டும், நாடா கட்டாமல் வந்தால் சுடச்சுடச் சோறு உண்டு. பாட்டு உன்னுடையது, அதை எந்த மேடையில் வேண்டுமானாலும் பாடு, உன் அண்ணன் காய்ச்சலில் செத்தான் என்று மட்டும் ஒரு தடவை மைக்கில் சொல்லிவிடு.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். பஸ் திரும்பின பிறகு அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தார். தெரு முனைவரைக்கும் பார்த்தார். பிறகு என்னிடம், "சின்னவன் சொல்லிட்டுத்தானே போனான்? எனக்குத்தான் காதுல விழல" என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். "அதானே பார்த்தேன்" என்று சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து தன் காதைக் குறைசொல்லிக்கொண்டு திரிகிறார். காது மெஷின் வாங்கி மாட்டிக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்கப் போகிறாராம்.

ஒரு நாள் பஸ்ஸில் வா, டவுன் பஸ்ஸில். சாப்பிடு, தூங்கு, நான் திட்டுவதைக் கேள். கிளம்பும்போது படியில் நின்று, அந்த மனுஷனுக்குக் கேட்கிற மாதிரி, 'போயிட்டு வாரேன்' என்று கத்திச் சொல்லிவிட்டுப் போ. கத்துவது உனக்குப் புதிதா என்ன?

அம்மா